பதினொரு தடவை இணங்கிய தம்பதியர்

எங்கள் மத்தியஸ்த சபையைப் பற்றி வேறு யாரும் தாறுமாறாக எழுதிவிடக் கூடாது என்பதற்காக நானே எழுதிவிடுகிறேன். இலங்கையில் நாலந்தாவுக்கும் மாத்தளைக்கும் நடுவே, பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஊர். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் ஊர்ப் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்று யாராவது முறைப்பாடு செய்வார்கள். அந்த முறைப்பாடு எங்கள் சபைக்கே வரும். சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளர் என்னையும் முறைப்பாட்டுக்காரரையும் கைகுலுக்க வைத்து ஒரு சான்றிதழையும் கொடுத்து அனுப்பிவிடுவார்.

என் பெயர் ஸக்கரியா. மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிறவன். கடைப் பலகையில் என் பெயருக்குக் கீழே ‘அகில இலங்கைச் சமாதான நீதவான்’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். அகில இலங்கைக்கும் சமாதானம் வழங்குகிற அதிகாரம் எனக்குக் கிடைத்தது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டில். அதே ஆண்டில்தான் வடக்குக் கிழக்கில் சண்டை மறுபடியும் தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லையென்றே நம்புகிறேன். வேலை ஒன்றும் பெரிதில்லை. ஆட்கள் கொண்டுவரும் படத்தின் பின்னால் ‘இவர் இவர்தான்’ என்று கையெழுத்திட்டு முத்திரை குத்த வேண்டும். தோட்டத்துத் தமிழர் ஒருவர் பஸ் ஏறிக் கண்டிக்குப் போய்ச் சேருவதற்குள் நான்கு சோதனைச் சாவடியில் தான் யாரென்று நிரூபிக்க வேண்டியிருந்த காலம் என்பதால் என் முத்திரைக்கு நல்ல கிராக்கி இருந்தது.

சமாதான நீதவானான கையோடு மத்தியஸ்த சபையிலும் என்னை அங்கத்தவனாக்கினார்கள். தமிழ் தெரிந்தவர் வேறு யாரும் அங்கே இல்லை. மூன்று பேர் உட்காருவோம். தவிசாளர், ஓய்வுபெற்ற சிங்களப் பாடசாலை அதிபர். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அவர்தான் கணிதம் படிப்பித்தார். இரண்டாமவர் ஓய்வுபெற்ற தபால் அதிபர். எந்தக் காகிதத்தைக் கண்டாலும் இரண்டு தடவை முத்திரை குத்துவார், மீதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். மூன்றாவது நான்.

சபை ஞாயிற்றுக்கிழமைகளில், பாடசாலையின் முதலாம் வகுப்பறையில் கூடும். பெரிய மேசையும் பெரிய கதிரைகளும் எங்களுக்கு. பிணக்கோடு வருகிறவர்களுக்கு ஆறு வயதுப் பிள்ளைகளின் கதிரை. முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருக்கிற மனிதனுக்குக் கோபம் நிலைக்காது என்பது தவிசாளர் சொந்தமாகக் கண்டுபிடித்த விஷயம். இதைப் பற்றி அவர் கொழும்பில் ஒரு கட்டுரைகூட வாசித்திருக்கிறார்.

சபையிடம் இரண்டு சான்றிதழ்ப் புத்தகங்கள் இருந்தன. பிணக்குத் தீர்ந்தால் இணக்கச் சான்றிதழ். தீராவிட்டால் இணங்காமைச் சான்றிதழ். முதலாவது புத்தகம் மாதத்துக்கு ஒன்று முடியும். இரண்டாவது புத்தகம் கொழும்பிலிருந்து வந்த பொலித்தீன் உறைகூடக் கிழியாமல் அலுமாரியில் இருந்தது. யாராவது பெரியவர் வந்தால் தவிசாளர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். “பாருங்கள், நூற்றுக்கு நூறு. எங்களிடம் வந்து இணங்காமல் வெளியே போனவர் ஒருவரும் இல்லை” என்பார். இணங்கும்வரை கதவைத் திறக்கமாட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அவர் சொல்வதில்லை.

கணவன் மனைவி பிணக்குகளுக்கென்று அதே அலுமாரியில் இரண்டு பிளாஸ்டிக் மாலைகளும் இருந்தன. மாலை மாற்றிக்கொண்டால் பிணக்குத் தீர்ந்தது. மாலைகளை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

சந்திரகாந்தா முதன்முதலாக வந்தது இரண்டாயிரத்து ஏழு மார்ச்சில். முப்பது வயது சொச்சம். மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, அவர்கள் குடியிருப்பு. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் பெண்கள் சங்கத்துக்காரர்கள் தெருநாடகம் ஒன்று போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் அடிப்பதைத் தடுக்க இப்போது புதுச் சட்டம் இருக்கிறது, பாதுகாப்புக் கட்டளை என்று நீதிமன்றம் ஒரு காகிதம் கொடுக்கும், அது இருந்தால் அடிக்கிறவன் வாசற்படியைத் தாண்ட முடியாது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். நாடகம் முடிந்த மறுநாளே அவள் பொலிசுக்குப் போய் அந்தக் காகிதத்தைக் கேட்டிருக்கிறாள். குடும்ப விஷயத்தில் எடுத்த எடுப்பில் நீதிமன்றம் போகக் கூடாது, முதலில் மத்தியஸ்த சபைக்குப் போ, அவர்கள் இணங்கவில்லை என்று எழுதித் தந்தால் பார்ப்போம் என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்து எங்களிடம் அனுப்பிவிட்டார்கள்.

அப்படி ஒரு சட்டம் எங்கேயும் இல்லை. அன்றைக்கு எனக்கும் அது தெரியாது. ஆக, அவளுடைய உயிர் அந்தப் பொலித்தீன் உறைக்குள் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புருஷன் முத்துவீரனும் வந்திருந்தான். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. சின்னக் கதிரையில் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தான். என்ன பிரச்சினை என்று தவிசாளர் சிங்களத்தில் கேட்டதை நான் தமிழில் கேட்டேன்.

“அடிவயித்துல ஒதச்சாருங்க மொதலாளி” என்றாள். “மூணு மாசமுங்க. கலஞ்சிருச்சு. இனிமே அவரு காம்பராவுக்குள்ள வரக்கூடாது. அந்தப் பேப்பரு வேணும்.”

இதை நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்டபாடு. சொல் கிடைக்காமல் இல்லை. ஆனால் அந்தச் சொற்களை என் மனைவியிடம்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எதிரில் இருப்பவரோ என் பிள்ளைகளின் வாத்தியார். அதைவிட இன்னொன்று உள்ளே ஓடியது. அது சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். தமிழ் பேசுகிறவர்களைப் பார்க்கிற பார்வையே வேறாக இருந்தது. நம் ஆட்கள் வீட்டுக்குள் இப்படியெல்லாம் செய்வார்கள் என்று நானே அவர் மேசையில் எடுத்து வைப்பதா? அடிபட்டவளை விட்டுவிட்டு மானத்தைப் பார்த்தேன். அதுவும் அவளுடைய மானத்தை இல்லை.

“வயிற்றில் ஏதோ கோளாறாம், சேர். வீட்டுக்காரர் அவ்வளவாகக் கவனிப்பதில்லையாம்” என்றேன்.

தவிசாளர் உருகிப்போனார். உண்மையிலேயே இளகிய மனம். “நோயில் கிடக்கும் மனைவிக்கு ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணீர் வைத்துக் கொடுக்காதவன் ஆண்மகனா?” என்று முத்துவீரனைப் பார்த்து இருபது நிமிடம் பேசினார். காலையிலும் மாலையிலும் கணவன் கொத்தமல்லி அவித்துக் கொடுக்க வேண்டும் என்று இணக்கம் எழுதப்பட்டது. முத்துவீரன் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் ஆசையோடு கையெழுத்துப் போட்டான். மாலை மாற்றினார்கள். அவள் பேப்பர் கேட்டாள். இணக்கச் சான்றிதழைக் கொடுத்தோம். தபால் அதிபர் இரண்டு முத்திரை குத்தினார். அவள் அதை நான்காக மடித்து, கண்ணில் ஒற்றி, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள். நான் என் கடையிலிருந்து ஒரு பை கொத்தமல்லி எடுத்துக் கொடுத்தேன். அன்று பகல் சோறு எனக்கு வயிறு நிறைய இறங்கியது.

மூன்று கிழமையில் திரும்பி வந்தாள்.

“நீங்க குடுத்த பேப்பரக் காட்டி உள்ள வரக்கூடாதுன்னு சொன்னேங்க” என்றாள். “வாங்கிப் பாத்துட்டுச் சிரிச்சாரு. பீடியப் பத்த வச்சு, அந்தச் சிரிப்போடயே தொடையில சுட்டாரு. மூணு எடத்துல.”

தொடையை விட்டுவிட்டுப் பீடியை மட்டும் எடுத்துக்கொண்டேன். “வீட்டுக்குள் பீடி குடிக்கிறாராம், சேர்” என்றேன்.

தவிசாளருக்குப் புகைத்தல் பிடிக்காது. பாடசாலையில் புகைத்தல் ஒழிப்புக் கழகத்துக்குப் பதினெட்டு வருடம் தலைவராக இருந்தவர். “ஒரு பீடியில் எத்தனை விஷம் இருக்கிறது தெரியுமா? ஒவ்வொரு பீடியும் உன் மனைவியைத்தான் சுடுகிறது!” என்று மேசையில் அடித்தார். தன் வாழ்நாளிலேயே அவர் அறியாமல் சொன்ன ஒரே உண்மை அதுதான். முத்துவீரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். நாளொன்றுக்கு ஆறு பீடிக்கு மேல் குடிப்பதில்லை, அதையும் வாசலுக்கு வெளியே நின்று குடிப்பது என்று இணக்கம். மாலை. சான்றிதழ். இரண்டு முத்திரை.

அடுத்த தடவை அவள் நெற்றியில் துணி கட்டியிருந்தாள். “மயிரப் புடிச்சு செவுத்துல மோதுனாருங்க.”

“லயத்துச் சுவர் சரியில்லையாம், சேர்.”

இதைத்தான் என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை. தவிசாளர் அன்றே தோட்டத்துத் துரைக்கு மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினார். குடியிருப்பாளரின் சுகாதாரம், மனித கண்ணியம், சர்வதேசச் சாசனம் எல்லாம் அதில் இருந்தன. ஐந்தே நாளில் இரண்டு ஆட்கள் வாளியும் தூரிகையுமாக வந்து சந்திரகாந்தாவின் காம்பராச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். நாற்பது வருடமாக லயத்துக்காரர்கள் கேட்டு நடக்காத காரியம். இரத்தக் கறையும் அதோடு போய்விட்டது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் தங்கள் சுவரையும் முறைப்பாடு செய்ய வந்து சபையில் வரிசையில் நின்றார்கள்.

இப்படியே போயிற்று. அவள் எதைச் சொன்னாலும் நான் அதைக் கழுவித் துடைத்துத் தவிசாளரிடம் கொடுப்பேன். அவர் அதற்கு உடனே பரிகாரம் கண்டுபிடிப்பார். முத்துவீரன் எங்கே என்னைக் கண்டாலும் கும்பிடுவான். ஒருநாள் கடைக்கு நான்கு ஆனைக்கொய்யா கொண்டுவந்து வைத்துவிட்டு, “மொதலாளி மாதிரி நல்லவங்க இருக்கறதுனாலதான் குடும்பம் ஓடுதுங்க” என்றான். பழம் நல்ல பழம். சாப்பிட்டேன்.

ஏழாவது தடவை வந்தபோது அவள் பேசுகிறவர் பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். கன்னத்தோடு அறைந்ததில் இடது காது போய்விட்டது. “காது கொஞ்சம் மந்தமாம், சேர்” என்றேன். இது முழுப் பொய்யும் இல்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தவிசாளர் ஒரு சேவைக் கழகத்தின் இலவச வைத்திய முகாமுக்கு அவளைத் தானே அழைத்துப்போனார். காதுக் கருவி முடிந்துவிட்டதாம். மூக்குக்கண்ணாடிதான் மிச்சம் இருந்ததாம். வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று ஒரு கண்ணாடியை வாங்கிக் கொடுத்தார்.

ஒவ்வொரு தடவையும் கடைசியில் அவள் ஒன்றையே கேட்பாள், அந்தப் பேப்பர். ஒன்பதாவது தடவை நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, “சேர், கணவன் காம்பராவுக்குள் வராமல் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கிறாள்” என்று அதை மட்டும் அப்படியே சொன்னேன்.

தவிசாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “காம்பரா யாருடைய பெயரில் இருக்கிறது? கணவனுடைய பெயரில். தன் பெயரில் இருக்கும் வீட்டுக்குள் ஒரு மனிதன் போகக் கூடாதென்று எப்படிச் சொல்வது? சரி, சொல்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். அவன் வெளியே, இவள் உள்ளே. பிணக்கே இருக்காது. பிணக்கு இல்லாவிட்டால் நாம் எதை இணக்குவது? சமூகத்தில் மத்தியஸ்தத்துக்கு இடமே இல்லாமல் போய்விடும், ஸக்கரியா.”

தபால் அதிபர் கண்ணைத் திறந்து, “உண்மை” என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

அக்டோபரில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. மாகாணத்திலேயே சிறந்த சபையாக எங்களைத் தெரிவு செய்திருந்தார்கள். நவம்பரில் மாத்தளையில் ஒரு மண்டபத்தில் விழா. சந்திரகாந்தாவையும் முத்துவீரனையும் முன்மாதிரித் தம்பதியராக மேடையில் ஏற்றினார்கள். படம் எடுப்பார்கள் என்பதால் இலவசக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரும்படி தவிசாளர் அவளுக்குச் சொல்லியனுப்பியிருந்தார். அதைப் போட்டால் அவளுக்கு மேடைப் படி இரண்டிரண்டாகத் தெரிந்தது. தட்டுத் தடுமாறித்தான் ஏறினாள்.

கொழும்பிலிருந்து வந்த அதிகாரி உரையாற்றினார்.

“ஒரு தம்பதியை ஒரு தடவை இணக்குவது யாருக்கும் முடியும். அது ஒரே ஓர் இணக்கம். ஆனால் இந்தச் சபை ஒரே தம்பதியிடமிருந்து பதினொரு இணக்கங்களைப் பெற்றிருக்கிறது! மற்றச் சபைகள் புதிய பிணக்குகளைத் தேடி அலைகின்றன. இவர்களோ கையில் இருந்த ஒன்றையே பேணி வளர்த்திருக்கிறார்கள். அரசாங்கம் சிக்கனத்தை வலியுறுத்துகிற இந்தக் காலத்தில் இதைவிட நல்ல உதாரணம் உண்டா? இந்தக் குடும்பம் பிரிந்திருந்தால் நமது புள்ளிவிவரம் என்னவாகியிருக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்!”

எல்லோரும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள். பரிசாக ஒரு இரட்டைக் கட்டில் விரிப்புக் கொடுக்கப்பட்டது. முத்துவீரன் ஒலிவாங்கியைப் பிடித்து, “அய்யாமாரு இல்லாட்டி நாங்க எப்பவோ பிரிஞ்சிருப்போமுங்க” என்றான். அது சத்தியமான பேச்சு.

அடுத்ததாக அவளைப் பேசச் சொன்னார்கள். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நின்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு அந்தப் பேப்பரு இன்னும் கெடைக்கலீங்க. நான் சாகறதுக்குள்ள குடுத்துருங்க.”

மண்டபத்தில் முந்நூறு பேர். முன் வரிசையில் பெரிய பெரிய ஆட்கள். தவிசாளர் என்னைப் பார்த்துப் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“உயிருள்ளவரை சபையை மறக்கமாட்டாளாம்” என்றேன்.

கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று. நான் பெரிய பாவி என்று எனக்கு அந்த நேரமே தெரிந்தது. பின்னாலே யோசித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் அதுவும் ஒரு மொழிபெயர்ப்புத்தான்.

விழாவைப் பார்க்க வந்திருந்த ஓர் இளம் பிள்ளை மண்டபத்துக்கு வெளியே என்னை மறித்தாள். மஸீஹா என்று பெயர். மாத்தளையில் ஏழைகளுக்குக் கூலி வாங்காமல் வழக்குப் பேசுகிற சட்டத்தரணி.

“மாமா, அந்த அக்கா அப்படியா சென்னாங்க?”

“கூடக்குறைய அப்படித்தான் மகள்.”

“கூடவா, கொறயவா?”

நான் பஸ் பக்கம் திரும்பினேன். அவள் விடவில்லை. “ஒங்களுக்குப் பயிற்சி குடுத்தாங்களே ரெண்டு நாளு, ஹோட்டல்ல வச்சு. அதுல ஒரு ஃபைல் தந்தாங்க. உள்ளுக்கு என்ன ஈக்கிதுன்டு பாத்தீங்களா?”

கோப்பு என்னிடம் இருந்தது. அழகான கோப்பு. அதில் மிளகுச் சிட்டைகளை வைத்திருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சிட்டைகளை எடுத்துக் கீழே போட்டுவிட்டு அடியில் இருந்த தாள்களை வாசித்தேன். நல்ல தமிழில், கேள்வியும் பதிலுமாகப் போட்டிருந்தார்கள். பாதுகாப்புக் கட்டளைக்குப் பொலிசின் அல்லது வேறு சபையின் சான்றிதழ் வேண்டுமா? வேண்டியதில்லை, பாதிக்கப்பட்டவரே நேராக நீதிமன்ற நீதவானிடம் கேட்கலாம். வீடு அடிக்கிறவரின் பெயரில் இருந்தால்? யாருடைய பெயரில் இருந்தாலும் அவர் உள்ளே வராதபடி தடுக்கலாம். ஆபத்து உடனடியானதென்றால்? தாமதமில்லாமல் இடைக்காலக் கட்டளை கொடுக்கலாம். எட்டு மாதமாக அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் என் அலுமாரியில் மிளகுச் சிட்டைக்குக் கீழே இருந்திருக்கிறது. காதும் போய், நெற்றியும் உடைந்து, பதினொரு தடவை பிளாஸ்டிக் மாலையும் போட்டாயிற்று.

மஸீஹா அந்தக் கிழமையே மனுப் போட்டாள். முத்துவீரன் தரப்பில் ஒரு சட்டத்தரணி வந்தார். அவர் எங்கள் சபையின் பதிவேட்டைத் தருவிக்கும்படி கேட்டார். அதனால் நானும் தவிசாளரும் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனோம்.

நீதவான் ஒரு பெண்மணி. சட்டத்தரணி பதிவேட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாசித்தார். “கனம் நீதவான் அவர்களே, என் கட்சிக்காரர் கொடியவராம். பாருங்கள். முதலாவது பிணக்கு, மனைவிக்கு வயிற்றுக் கோளாறு. கணவர் கொத்தமல்லி அவித்துக் கொடுக்க இணங்கினார். இரண்டாவது, பீடி, ஆறாகக் குறைக்க இணங்கினார். மூன்றாவது, சுவர், வெள்ளையடிக்கப்பட்டது. ஏழாவது, காது மந்தம், கண்ணாடி வழங்கப்பட்டது. எட்டு மாதத்தில் இந்த மனிதர் மனைவியைத் தொட்டதாக ஒரு வரி இருக்கிறதா? எழுதியவர்கள் தெருவில் போகிறவர்களும் இல்லை. ஒருவர் அகில இலங்கைச் சமாதான நீதவான்.”

கண்ணாடி என்றதும் நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது. தவிசாளரும் சிரித்தார். முத்துவீரன் அடக்கமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சந்திரகாந்தா நல்ல காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பொய் எழுதினேன் என்று எழுந்து சொல்ல வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன்.

அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். அன்றைக்குப் பார்த்து நீதிமன்றத்தின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேறொரு நீதிமன்றத்துக்கு வேலையாகப் போயிருந்தார். வழக்கை ஒத்திவைப்பதா என்று யோசித்த நீதவானிடம் தவிசாளர் எழுந்து நின்று பெருமையோடு சொன்னார். “எங்கள் ஸக்கரியா இருக்கிறார். இந்தப் பெண்ணை முதல் நாளிலிருந்து மொழிபெயர்த்தவர் இவர்தான்.”

என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்க் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றேன். இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் சொல்லிவிடுவது என்று அல்லாஹ்மேல் ஆணையாக முடிவெடுத்திருந்தேன்.

சந்திரகாந்தா என்னைப் பார்த்தாள். பிறகு நீதவானைப் பார்த்துச் சிங்களத்தில், “இவர் வேண்டாம் அம்மா. நானே சொல்கிறேன்” என்றாள்.

கடையிலும் பஸ்ஸிலும் டிஸ்பென்சரி வரிசையிலும் பொறுக்கிய சிங்களம். நொண்டி நொண்டித்தான் வந்தது. ஆனால் அடிவயிறு என்று சொன்னாள். தொடை என்று சொன்னாள். எத்தனை மாதம் என்று விரலை மடக்கிக் காட்டினாள். எங்கே, எதனால், எந்தக் கையால் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல் கிடைக்காத இடத்தில் தன் தலைமுடியைத் தானே பிடித்துக் காட்டினாள். எட்டு மாதமாக என் வாயில் வராத எல்லாம் நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டன.

நீதவான் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். “இதை மொழிபெயர்த்தது நீங்களா?”

“ஆமாம், அம்மா.”

“ஏன் இப்படி?”

“மரியாதைக்காக, அம்மா.”

“யாருடைய மரியாதைக்காக?”

நீதவான் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். முத்துவீரன் காம்பராவுக்குள் நுழையக் கூடாது, அவள் வேலை செய்யும் மலைக்கும் போகக் கூடாது, வழக்கின் அடுத்த தவணைவரை இடைக்காலக் கட்டளை. சமாதான நீதவான் ஸக்கரியா தன் மொழிபெயர்ப்புப் பற்றி எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அந்த விளக்கத்தை எழுத உட்கார்ந்ததுதான் இவ்வளவுக்கு நீண்டுவிட்டது.

வெளியே தவிசாளர் என் தோளைத் தட்டினார். முகத்தில் ஒரு நிம்மதி. “கவலைப்படாதே ஸக்கரியா. நீதிமன்றம் தானாகக் கட்டளை போட்டிருக்கிறது. நாம் இணங்காமைச் சான்றிதழ் கொடுக்கவில்லை. நம்முடைய நூற்றுக்கு நூறு அப்படியே இருக்கிறது” என்று சொல்லிவிட்டு, பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

சந்திரகாந்தா நீதிமன்றச் சுவரோரம் நின்றிருந்தாள். கட்டளையின் பிரதியை எடுத்துவர மஸீஹா உள்ளே போயிருந்தாள். நான் கிட்டப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வேறொன்றுதான் வாயில் வந்தது.

“நீ இவ்வளவு சிங்களம் பேசுவியா?”

“கொஞ்சமுங்க.”

“அப்ப நான் அங்க சொன்னதெல்லாம்...”

“வெளங்குச்சுங்க. மொத நாளே வெளங்குச்சு. வயித்துக் கோளாறுன்னீங்க.”

“வெளங்கியிருந்தா ஏன் அப்பவே வாயத் தொறக்கல்ல?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மொத ரெண்டு மூணு தடவ, சட்டத்துக்கு அப்படிச் சொன்னாத்தான் எடுபடும்போலன்னு இருந்தேங்க. பொறகு அப்படி இல்லன்னு தெரிஞ்சு போச்சு.”

“தெரிஞ்ச பொறகும் ஏன் பேசாம இருந்த?”

“எப்படிங்க பேசறது? நீங்க எம்புட்டுப் பெரிய மனுசன். அத்தன பேருக்கு முன்னால, இவரு சொல்றது பொய்யின்னு நான் சொன்னா ஒங்க மானம் என்னாகும்? அதுக்காகத்தான் பொறுத்துக்கிட்டே இருந்தேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இன்னைக்கு எனக்கு வேற வழி தெரியலீங்க மொதலாளி. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க.”